ஒன்பதாவது வரிசை

அவள் நின்றுகொண்டே கனவு காண்பவள். கண் திறந்திருக்கும். கையில் ரப்பர் குழாய் இருக்கும். கட்டைவிரல் குழாயின் வாயைப் பாதி மூடியிருக்க, தண்ணீர் விசிறியாக விரிந்து கான்கிரீட் ஸ்லாப்புகளின் மேல் விழும். கால் அதுபாட்டுக்கு நகரும். அவள் மட்டும் அங்கே இருக்க மாட்டாள்.

களத்தில் எல்லோரும் அவளை மழை என்றார்கள். வயதில் சின்னவர்களுக்கு மழையக்கா. நிஜப் பெயரை மேனேஜரே வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வடிகால் மூடிகளும் நடைபாதை ஸ்லாப்புகளும் வார்க்கும் களம் அது. ஒரு பக்கம் தகரக் கொட்டகை. கலவை இயந்திரம், அச்சுகள், அதிரும் மேசை எல்லாம் அதற்குள். மறுபக்கம் திறந்தவெளி. அச்சிலிருந்து கழற்றிய ஸ்லாப்புகளை அங்கே ஒன்பது வரிசையாக, வரிசைக்கு நாற்பதாகக் கிடத்தியிருப்பார்கள். சிமெண்ட் சும்மா காய்ந்தால் ஆகாது. இறுக இறுகத் தண்ணீர் குடிக்கும். கிடைக்காவிட்டால் மேலெல்லாம் மயிரிழையாக விரிசல் விடும். காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் காட்ட ஒரு ஆள் வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த ஆள் அவள்.

முதல் வரிசையின் பக்கத்துச் சுவரில் பைப். அங்கிருந்து குழாயை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகப் போவாள். எட்டு வரிசைக்கு முழுதாக எட்டும். ஒன்பதாவது மட்டும் வெகுவாகத் தள்ளி, களத்தின் கோடியில்; அதில் கொஞ்ச தூரம் போனதும் குழாய் விறைத்துக்கொள்ளும். எத்தனையாவது ஸ்லாப்போடு என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. காலுக்குத் தெரியும். திரும்பிவந்து குழாயைச் சுருட்டி, பைப்புக்கு அடியில் இருக்கும் வாளியை எடுத்து, ஒன்பதாவதின் மிச்சத்துக்குக் குவளையால் மொண்டு ஊற்றுவாள். வாளியின் கனம் தோளில் ஏறும்போதுதான் கனவு கலையும். அதுவரை அவள் வேறு எங்கோ.

அது பெரும்பாலும் ஒரே இடம். நிறைய அறைகள் உள்ள வீடு. எல்லாத் தரையும் ஈரம். அவளுக்குச் சற்று முன்னால் யாரோ நடந்துபோயிருக்கிறார்கள், பாதம் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு அறையாக அந்தப் பாதத்தின் பின்னால் போவாள். ஆள் அகப்பட்டதில்லை. அகப்பட வேண்டும் என்ற அவசரமும் அவளுக்கு இருந்ததில்லை.

ஒருமுறை ஐந்தாவது வரிசையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்த மேனேஜரையும் ஸ்லாப்போடு ஸ்லாப்பாக நனைத்துவிட்டாள். அவர் கத்திய கத்தலில் கொட்டகையே வெளியே வந்துவிட்டது.

“கண்ணு தெரியலையா உனக்கு?”

“தெரியுது சார். இப்பத்தான் தெரியுது.”

கலவை இயந்திரக்காரர் சும்மா இருக்கவில்லை. “விடுங்க சார். உங்களுக்கும் கொஞ்சம் பலம் ஏறட்டும்.”

அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. சாயங்காலம் அவள் வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “இன்னைக்கு எந்த ரூம்?” என்பதுதான். அவளும் சொல்வாள். கதவு நீலம், ஜன்னல் கிடையாது, இப்படி ஏதாவது. அவர் ஊசியில் நூல் கோர்த்தபடி, “அந்த வீட்டுக்கு வாடகை இல்லையே, அங்கேயே போயிடலாம்” என்பார்.

வீட்டில் மூன்றாவது ஆள் கொழுந்தன். அவளை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டவர் யாரோ. கொழுந்தனை அங்கே சேர்த்துவிட்டவள் அவள். நிதானமான ஆள், நாற்பதைத் தாண்டியவர். கல்யாணம் பற்றிப் பேச்செடுத்தால் மாடிக்குப் போய்விடுவார்.

போன வருடம் களத்துக்கு ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். சிமெண்ட் இல்லாமல் கான்கிரீட் செய்யப் போகிறோம் என்றாள். அனல் மின் நிலையச் சாம்பல், இரும்பு ஆலைக் கசடை அரைத்த தூள், இரண்டையும் சிமெண்டுக்குப் பதிலாகப் போட்டு, காஸ்டிக் சோடாவும் சிலிகேட்டும் கலந்த ஒரு கரைசலை ஊற்றிப் பிசைவது. அந்தக் கரைசல் பட்டதும் சாம்பல் தன் குணத்தை விட்டுவிட்டுக் கல்லாகிறது.

“சுண்ணாம்புக்கல்லைச் சூளையில வேகவச்சாத்தான் சிமெண்ட்” என்று அவள் கொட்டகையில் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னாள். “எரிக்கிற கரியிலேருந்து வர்ற புகை ஒரு பக்கம். கல்லுக்குள்ளேயிருந்தே வர்றது அதைவிட அதிகம். இதுல அந்தச் சூளையே இல்ல. சாம்பல் ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச சாமான். மலை மாதிரி கிடக்குது.”

மழைக்கு அந்த மலையைத் தெரியும். அவள் தெருவில் காற்று திரும்பும் நாட்களில் ஜன்னல் விளிம்பு, கொடியில் காயும் துணி, தையல் மெஷின் மூடி எல்லாவற்றிலும் அது வந்து உட்காரும்.

“நாங்க தினம் கூட்டித் தள்றதைக் காசு குடுத்து வாங்குறீங்களா மேடம்?”

“ஆமாக்கா. லாரி லாரியா.”

“முன்னாலயே சொல்லியிருந்தா சேர்த்து வச்சிருப்பேனே.”

கரைசல் செய்ய ஒரு நிதானமான ஆள் வேண்டும் என்றாள் இன்ஜினியர். கொழுந்தனைக் காட்டினார்கள். கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி, முழங்கை வரை கையுறை, ரப்பர் அங்கி. தண்ணீரில்தான் காஸ்டிக் செதிலைப் போட வேண்டும், செதிலின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் பொங்கி முகத்தில் அடிக்கும். கரையும்போது தொட்டி தானாகவே கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். ஒரு முழு நாள் ஆறவிட்டுத்தான் சிலிகேட்டைச் சேர்த்துக் கலவையில் ஊற்ற வேண்டும். கொழுந்தன் ஒவ்வொரு தொட்டியின் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தார்.

அவளிடம் இன்ஜினியர் தனியாக வந்தாள். “அக்கா, இதுக்குத் தண்ணி வேண்டாம்.”

“எப்ப ஆரம்பிக்கணும்?”

“எப்பவுமே வேண்டாம். சிமெண்ட் தண்ணியைக் குடிக்கும். இது தண்ணியை வெளிய தள்ளும். முதல் சில நாள்ல மேல தண்ணி பட்டா உள்ள இருக்கிற காரம் கரைஞ்சு வெளிய வந்திடும். பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மூடி வச்சாப் போதும்.”

அவள் தலையாட்டினாள். புரிந்தது. அன்றைக்கு வார்த்த புதுக் கலவை ஸ்லாப்புகள் நாற்பதையும் ஒன்பதாவது வரிசையில் கிடத்தி, நீல ஷீட்டைப் போர்த்திக் கயிறு கட்டினார்கள். “உனக்கு இனிமே எட்டு வரிசைதான்” என்றார் மேனேஜர். மிச்சத்துக்கு மொள்ளும் வேலை இல்லை என்று பைப்படியிலிருந்த வாளியைக் கொட்டகைக்குள் எடுத்துப்போனார்கள். எட்டு என்பதை அவள் தலை ஏற்றுக்கொண்டது. காலிடம் யாரும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஷீட்டைப் பிரித்தபோது, வரிசையின் முன்பக்கத்து ஸ்லாப்புகள் பதினொன்றில் உப்புப் பூத்திருந்தது. சாம்பல் நிறக் கல்லின் மேல் மாவைத் தூவியது போல வெள்ளை. விரலால் தொட்டால் வழுக்கியது. மீதி இருபத்தொன்பதும் சுத்தமாக இருந்தன. பூத்ததில் இரண்டை எடுத்து அழுத்தும் இயந்திரத்தில் வைத்தார்கள். பாதிப் பாரம் ஏறும்முன்பே நடுவில் விண்டன.

மேனேஜர் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். முன்பக்கத்து ஸ்லாப்புகள் எல்லாம் முதல் தொட்டிக் கரைசல். பலம் பார்க்கக் கனசதுரக் கட்டி வார்த்துச் சோதித்தது இரண்டாம் தொட்டியில் மட்டும். அப்படியென்றால் முதல் தொட்டி சரியாக ஆறவில்லை.

“ஒரு நாள் முழுக்க வச்சேன் சார். நேரம் எழுதியிருக்கு பாருங்க.”

“எழுதினது யாரு? நீதானே?”

கொழுந்தன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஸ்லாப் வாங்கப்போகும் நகராட்சிக்காரர்கள் மாத முடிவில் வருகிறார்கள். அதற்குள் காரணம் தெரிந்தால் புதுக் கலவை நிலைக்கும். இல்லாவிட்டால் பழையபடி சிமெண்ட். அதுவரை கொழுந்தன் வர வேண்டாம், அதற்குப் பிறகு வருவதா இல்லையா என்று சொல்லி அனுப்புகிறேன் என்றார் மேனேஜர்.

வீட்டில் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள். அண்ணனின் உதட்டில் குண்டூசிகள் இருந்ததால் வார்த்தைகள் பல்லுக்கு நடுவிலிருந்து வந்தன.

“நீ எப்பவுமே அவசரக்குடுக்கை.”

“நானா? என்னையா சொல்றே? பேன்ட் தைக்கக் குடுத்தா ஒரு காலை மட்டும் தச்சு வச்சிட்டு டீ குடிக்கப் போற ஆளு நீ.”

“அப்புறம் எப்படிடா பூத்துச்சு? காத்து கருப்பு வேலையா?”

“எனக்குத் தெரியாது. நான் வச்ச தொட்டி ஆறித்தான் இருந்துச்சு. கையை விட்டுப் பாக்கிறதுதான் பாக்கி.”

“விட்டுப் பாத்திருக்கணும். அப்பத் தெரிஞ்சிருக்கும்.”

கொழுந்தன் தட்டை நகர்த்திவிட்டு மாடிக்குப் போனார். மறுநாளிலிருந்து அண்ணனோடு பேச்சில்லை. பகல் முழுதும் மாடியில் அவர் நடக்கும் சத்தம் கேட்டது. இந்தக் கோடிக்கு ஏழடி, அந்தக் கோடிக்கு ஏழடி. கீழே மெஷின் ஓடும்போது கேட்காது. மெஷின் நின்றால் கேட்கும். அதனால் தையல்காரர் வேலை இல்லாவிட்டாலும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்.

மழை இரண்டுக்கும் நடுவில் இருந்தாள். கொழுந்தன் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இன்ஜினியர் பெண்ணும் பொய் சொல்லவில்லை. கல்லும் பொய் சொல்லாது. யாரும் பொய் சொல்லாத இடத்தில் ஒரு வெள்ளை மட்டும் எங்கிருந்தோ வந்திருந்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கழுவலாம் என்று வாளியை எடுக்கப் போனாள். வழக்கமான இடத்தில் வாளி இல்லை.

“யாரு வாளியை எடுத்தது?”

“துணி ஊற வச்சிருக்கேன்” என்றது முன்னறை.

அவள் அங்கேயே நின்றாள். அதே வார்த்தைகளை அதே குரலில் சமீபத்தில் சொல்லியிருக்கிறாள். இந்த வீட்டில் அல்ல. வெயில் இருந்தது. குழாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் பைப்புக்கு அடியில் பார்த்தாள், வாளி இல்லை. யாரு எடுத்தது என்று கேட்டாள், பதில் சொல்ல யாரும் இல்லை, மணி அடித்துவிட்டது, சாப்பிடப் போய்விட்டாள். மறுநாளும் அப்படியே தேடினாள். மறுநாளும் மணி அடித்தது.

வாளியை எதற்குத் தேடினாள்? எட்டு வரிசைக்கு வாளி தேவையில்லை. ஒன்பதாவதில் குழாய் தீர்ந்த பிறகுதான் வாளி.

அந்த நாட்கள் எவை என்று யோசித்தாள். காற்று அடித்த நாட்கள். கயிறு அறுந்து ஷீட்டின் முன்பாகம் சுருண்டு பின்னால் போய்க் கிடந்ததாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். மற்ற நாட்களில் அந்த நீலமே காலை நிறுத்தியிருக்கும். இன்ஜினியர் ஊரில் இல்லை, எல்லோரும் கொட்டகைக்குள் ஒரு பெரிய வார்ப்பில் இருந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம்தான் யாரோ பார்த்து மறுபடி மூடினார்கள். அதற்குள் அவள் ஊற்றிய தண்ணீர் வெயிலில் காய்ந்திருக்கும்.

முன்னறைக்குப் போனாள். “ஏங்க, காத்து அடிச்சப்போ நான் எந்த ரூமுன்னு சொன்னேன்?”

அவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு யோசித்தார். “காய்ச்சக்காரன் ரூமு. யாரோ படுத்திருக்கான், நெத்தியில தண்ணி விட விட அனல் உள்ளங்கைக்கு ஏறுதுன்னே. ரெண்டு நாளும் அதே ஆளுன்னே. டாக்டருக்குச் சொல்லி அனுப்பலாமான்னு நான் கூடக் கேட்டேனே.”

வெயிலில் திறந்து கிடந்த புதுக் கல் சூடாக இருந்திருக்கும். அதன் மேல் தண்ணீர் விழுந்தால் அனல் ஏறும். அல்லது அது கனவில் படுத்திருந்த ஒருவன் மட்டும்தானா? இருபத்திரண்டு வருடமாகக் கண்ட கனவில் எது களம், எது வீடு என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு வந்ததே இல்லை. இப்போது மேலே ஏழடி நடை கேட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மற்றவர்கள் வருமுன் களத்துக்குப் போனாள். தண்ணீரைத் திறக்கவில்லை. காய்ந்த குழாயை இழுத்துக்கொண்டு முதல் வரிசையிலிருந்து நடந்தாள். கனவு வந்துவிடக் கூடாது என்று வாய்விட்டு எண்ணினாள். எட்டாவதைத் தாண்டினாள். கால் கேட்காமலேயே ஒன்பதாவதுக்குத் திரும்பியது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயமாக இருந்தது. தன் காலை அவள் அப்படி வெளியிலிருந்து பார்த்ததில்லை.

ஸ்லாப்பு ஸ்லாப்பாக, சோதனைக்கு எடுத்த இரண்டின் வெற்றிடத்தையும் சேர்த்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாவதின் பக்கத்தில் குழாய் விறைத்தது. அங்கே நின்று கையை நீட்டினாள். அவள் கட்டைவிரல் வீசினால் தண்ணீர் மூன்று ஸ்லாப்பு தூரம் போகும். அது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ஒன்பது, பத்து, பதினொன்று. பதினொன்றாவது வெள்ளையாக இருந்தது. பன்னிரண்டாவது சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது.

மேனேஜர் அன்றைக்கு வாசித்த நோட்டில் இன்னொன்றும் இருந்ததே என்று நினைவுக்கு வந்தது. முதல் தொட்டியில் வார்த்தது பதினாலு. தொட்டி கெட்டிருந்தால் பதினாலும் பூத்திருக்க வேண்டும்.

இன்ஜினியர் வரும்வரை, அந்தப் பெண்ணின் அலுவலகமான கண்டெய்னர் அறையின் படியில் உட்கார்ந்திருந்தாள். வந்ததும் சொன்னாள். கனவு, வாளி, குழாய் எல்லாவற்றையும் சொன்னாள். எந்த வரிசையில் சொல்வது என்று தெரியாமல் வாளியிலிருந்து ஆரம்பித்தாள்.

இன்ஜினியர் முகம் சிவந்தது. “நான் உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்?”

“ஒரே தடவை மேடம். எனக்குத்தான் சொன்னீங்க.”

“வேற யாருக்குச் சொல்லணும்?”

அவள் தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். இன்ஜினியரும் பார்த்தாள். கோபம் எங்கே போவது என்று தெரியாமல் அறைக்குள் சுற்றி, கடைசியில் ஒரு பெருமூச்சாக வெளியே போனது.

மேனேஜர் நம்பவில்லை. “இதெல்லாம் நல்ல கதை. கொழுந்தன் வீட்ல உக்காந்திருக்கான், அண்ணி வந்து பழியைத் தலையில போட்டுக்கிறா. தூக்கத்துல ஊத்தினாளாம். தூக்கத்துல ஊத்தினது எப்படித் தெரிஞ்சுது? தூக்கத்துல பாத்தாளா?”

“பன்னிரண்டாவது ஏன் சார் பூக்கல?” என்றாள் மழை.

“அது குடுத்து வச்சது.”

“சார்” என்றாள் இன்ஜினியர், “சொல்றதை விட்டுடலாம். ஒரு ஸ்லாப் வார்த்துப் பாத்திடலாம்.”

கொழுந்தனை வரச்சொன்னார்கள். மேனேஜர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க, அவர் செதிலைக் கொட்டிக் கரைத்து, மூடி, மறுநாள் அதே நேரத்துக்கு வந்து திறந்தார். அண்ணி பக்கம் திரும்பவே இல்லை. விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. முந்தின நாள் அவள் வீட்டில் சொன்னபோது தையல்காரர் ஊசியைக் கீழே வைத்தார். கொழுந்தன் மட்டும் மாடிப்படியில் நின்று, “ரெண்டு வாரம், அண்ணி” என்றார்.  இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வார்த்த ஸ்லாப்பின் நடுவில் இன்ஜினியர் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். ஒரு பாதியை ஷீட்டால் மூடி, தண்ணீர் இறங்காமல் விளிம்பை ஒட்டினாள். மறுபாதி திறந்திருந்தது.

“ஊத்துங்கக்கா. அன்னைக்கு ஊத்தின மாதிரியே. ரெண்டு நாள், காலையும் மாலையும்.”

அவள் குழாயை எடுத்தாள். கை வரவில்லை. ஊற்றினால் கெடும் என்று தெரிந்து ஊற்றுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரலைக் குழாயின் வாயில் வைத்தாள். அங்கே ஒரு பள்ளம் இருப்பதை, விரலுக்கு ஏற்றாற்போல ரப்பர் தேய்ந்திருப்பதை முதல்முறையாகக் கவனித்தாள். தண்ணீர் விரிந்தது. துளிகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. ஒவ்வொன்றும் விழுமுன் கொஞ்ச நேரம் நின்றது போல் இருந்தது. கல்லிலிருந்து மெல்லிய அனல் எழுந்து உள்ளங்கையைத் தொட்டது.

“இவன்தான்” என்றாள்.

“யாரு?” என்றாள் இன்ஜினியர்.

“ஒண்ணுமில்ல மேடம்.”

அடுத்த பத்து நாள் நீளமாக இருந்தன. கனவு வருவது நின்றுவிட்டது. எட்டு வரிசையும் எட்டு வரிசையாகவே இருந்தன. மூன்று மணி நேர வேலை மூன்று மணி நேரம் எடுத்தது. தினமும் போகும்போதும் வரும்போதும் சோதனை ஸ்லாப்பைப் பார்த்தாள். வெள்ளை வந்தால் கொழுந்தன் பொய் சொல்லவில்லை என்று ஆகும், கலவையும் பிழைக்கும். குற்றவாளி அவள்தான் என்பதும் கூடவே ஆகும். வராவிட்டால் எட்டு வரிசையும் அவளுக்கு ஒன்பதாகத் திரும்ப வரும். மாடியில் நடை நிற்காது. எது வர வேண்டும் என்று ஒரு நாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். வெள்ளை என்றது மனசு. உடனே சொன்னது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஏழாம் நாள் திறந்த பாதியின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு மங்கல். எட்டாம் நாள் அது படர்ந்தது. பத்தாம் நாள் இன்ஜினியர் ஷீட்டைப் பிரித்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் வெள்ளை. அந்தப் பக்கம் மழைக்கு முந்தின வானம் போல அடர்ந்த சாம்பல். கோடு அரைவிரல்கூடத் தவறவில்லை.

மேனேஜர் குனிந்து இரண்டு பக்கமும் விரலால் தேய்த்துப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து தேய்த்தார்.

“அவனை வரச்சொல்லு” என்றார். பிறகு மழையைப் பார்த்து, “இதெல்லாம் முன்னாலயே சொல்றதுக்கென்ன?” என்றார்.

“முன்னால எனக்கே தெரியாது சார்.”

அறிக்கை எழுதும்போது இன்ஜினியர் அவளைக் கூப்பிட்டாள். “உங்க பேரைப் போடலக்கா. கவனக்குறைவால் நீர் பட்டதுன்னு எழுதுறேன். சரியா?”

அவள் யோசித்தாள். “கவனக்குறைவுன்னு வேண்டாம் மேடம். பழக்கத்தாலன்னு போடுங்க.”

இன்ஜினியர் அடித்துவிட்டுத் திருத்தி எழுதினாள்.

நகராட்சிக்காரர்கள் வந்தார்கள். இருபத்தொன்பதில் மூன்றை எடுத்து அழுத்தினார்கள். நின்றன. அந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் புதுக் கலவைக்கு மாறும் என்று ஆயிற்று. ஒன்பதுக்குப் பிறகு எட்டு, பிறகு ஏழு. நீல ஷீட் களத்தின் இந்தப் பக்கத்தை நோக்கி ஏறிவர ஆரம்பித்தது.

கொழுந்தன் வேலைக்குத் திரும்பினார். தையல்காரர் தம்பியிடம் நேரடியாக எதுவும் பேசவில்லை. அங்கியின் கிழிந்த பட்டையை அவரே எடுத்து இரட்டைத் தையல் போட்டு, மாடிப்படியில் வைத்தார். காலையில் தம்பி அதைப் போட்டுப் பார்த்து, “தோள்ல பிடிக்குது” என்றார்.

“உடம்பைக் குறை” என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். அவர்களுக்குள் சரியாகிவிட்டது. அவளிடம்தான் சரியாகவில்லை. ஒரே வீட்டிலிருந்து ஒரே களத்துக்குப் போகிறவர்கள். அவர் பத்தடி முன்னால் போவார். சோறு போட்டால் சாப்பிடுவார். குழம்பு வேண்டுமா என்றால் தட்டைப் பார்த்துத் தலையாட்டுவார்.

ஒரு திங்கட்கிழமை இன்ஜினியர் கொட்டகையில் புது விதி ஒன்று சொன்னாள். தொட்டிகள் இனிப் பெரியவை. செதில் கொட்டும்போது முகத்திலோ கழுத்திலோ தெறித்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், அரை நிமிடம் தாமதிக்கக் கூடாது. இதுவரை கொழுந்தன் பக்கத்தில் ஒரு பக்கெட் வைத்துக்கொண்டிருந்தார். அது போதாது. ஓடுகிற தண்ணீரோடு ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

“யாரை நிறுத்துறது?” என்றார் மேனேஜர். “கண்ணு இமைக்காத ஆளா வேணும்.”

கலவை இயந்திரக்காரர் அவளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். வேறு இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் கொட்டகைத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, “அண்ணி நிக்கட்டும்” என்றார்.

“யோவ், உன் மூஞ்சி. பாத்துச் சொல்லு” என்றார் மேனேஜர்.

“என் மூஞ்சிதான். அண்ணி நிக்கட்டும்.”

குழாயைக் கொட்டகைக்குள் இழுத்துவந்தார்கள். அவள் தொட்டிக்கு இரண்டடி தள்ளி நின்றாள். தண்ணீர் திறந்திருந்தது, குழாயின் வாய் பக்கெட்டுக்குள். கொழுந்தன் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். செதில்கள் வெள்ளை வெள்ளையாகத் தொட்டிக்குள் இறங்கின. முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தண்ணீருக்குள் எங்கோ ஆழத்தில் சூடு புரண்டு எழுந்தது. விளிம்பிலிருந்து ஆவி கிளம்பி அவருடைய முழங்கைகளை மறைத்தது. கொட்டகை நிறையக் கதவில்லாத அறைகள் திறந்தாற்போல் இருந்தது. ஈரத் தரை. பாதம். அவள் விரல்கள் குழாயை இறுக்கின.

“அண்ணி?”

“இருக்கேன்.”

அவர் இன்னொரு சட்டி செதிலை எடுத்தார். மெதுவாகச் சரித்தார். ஆவிக்குப் பின்னால் அவருடைய கண்ணாடி இரண்டு வெளிச்சமாகத் தெரிந்தது. கழுத்துக்கும் அங்கிக்கும் நடுவில் ஒரு விரற்கடை தோல். அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி?”

“இருக்கேன், தம்பி. நீங்க கொட்டுங்க.”